நசுங்கிய ரவை

நான் குறி தவறுகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வசந்தத்தில் எங்கள் முகாமில் ஆளாளுக்கு வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். வட கனடாவில், ஜேம்ஸ் விரிகுடாவின் இந்தக் கரையில் முப்பத்தெட்டு வசந்தம் வாத்து சுட்டவன் நான். தெற்கிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டு வரும் பெரிய காட்டு வாத்து, ஒவ்வொன்றும் ஐந்து கிலோ தேறும். அந்த வருடம் முகாமுக்கு வேட்டைத் தலைவனும் நான்தான். யார் எந்த மறைப்பில் உட்காருவது, எந்தக் காற்றில் சுடுவது, எந்த நாளில் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதெல்லாம் எங்கள் கிரீ ஜனங்களிடம் தலைவன் வாக்கு. காற்று அசையாத நாளில் ஒரு வெடி கிளம்பினால் போதும், அந்தச் சத்தம் விரிகுடா முழுக்கப் போய் வாத்துகள் வழியையே மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு நாள் அவசரப்பட்டுச் சுட்ட என் சொந்த மருமகனைப் பனிவண்டியில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியவன் நான். யாரும் வாய் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட தலைவன் ஒன்பது நாளில் சுட்டது ஒரே ஒரு வாத்து.

வாத்துகள் அந்த வருடம் உயரத்தில் போயின. ஐம்பது, அறுபது கஜத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தத் தூரத்தில் சுடுவது எனக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது தோட்டாதான். என் வாழ்நாள் முழுக்க நான் சுட்டது ஈய ரவை, தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சின்னச் சின்ன உருண்டை. ஈயம் கனம், போகிற வேகத்தை விடாது. இப்போது எல்லோரும் சுடுவது இரும்பு ரவை. அது கிளம்பும்போது பாய்ந்து கிளம்பும், நாற்பது கஜம் தாண்டியதும் சோர்ந்துவிடும். பறக்கிற வாத்தைப் பார்த்துச் சுட்டால் ரவை போய்ச் சேருவதற்குள் வாத்து அங்கே இருக்காது, அதற்கு முன்னால் வெறும் வானத்தில் சுட வேண்டும். ஈயத்துக்கு அலகுக்கு முன்னால் இரண்டு வாத்து நீளம் விட்டால் போதும். இரும்புக்கு மூன்று விட வேண்டும், சில நாள் அதற்கும் மேலே. இது தலைக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடம் இரண்டு என்று பழகிய கை இரண்டில்தான் விசையை இழுத்தது. ரவையெல்லாம் வாலுக்குப் பின்னால் காற்றில் போயிற்று.

ஈயத்தை ஏன் விட்டோம் என்றால், சைலஸுக்காக. சைலஸ் என் மகள் ரோடாவின் பிள்ளை, எங்கள் கையில் வளர்கிறவன். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் மருத்துவமனை நர்ஸ் அவன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, ரத்தத்தில் ஈயம் அதிகம் என்றாள். வாத்து சாப்பிடுவானா என்று கேட்டாள். வேறென்ன சாப்பிடுவான்? ரவை கறிக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்ந்து போகிறது, பெரியவர்களுக்கு ஓரளவு தாங்கும், பிள்ளைகளுக்கு மூளையில் போய் உட்காரும் என்றாள். மற்றப் பிள்ளைகள் ஒன்றிரண்டு சொல் பேசத் தொடங்குகிற வயதில் சைலஸ் கையைக் காட்டி முனகிக்கொண்டிருந்தான். அது ஈயத்தாலா, இல்லை அவன் சுபாவமே அப்படியா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இனிமேல் ஒரு துளியும் உள்ளே போகக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ஈயத் தோட்டாவைச் சட்டம் எப்போதோ தடுத்துவிட்டது, எங்கள் வீடுகளில் பழைய பெட்டிகள் கிடந்தன. அன்று சாயங்காலமே என் மனைவி ஹேரியட் வீடு வீடாகப் போய் அத்தனையையும் ஒரு பீப்பாயில் அள்ளிக்கொண்டு போய் ஊர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அத்தனையும் என்றால், ஒரு பெட்டி தவிர. இருபத்தைந்து தோட்டா. படகு மோட்டாரின் கருவிப் பெட்டியில், எண்ணெய்த் துணிக்கு அடியில் அதை வைத்திருந்தேன். எடுக்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். இருக்கட்டும் என்று ஒரு தெம்புக்கு.

சனிக்கிழமை விடியலில் சைலஸுக்கு முதல் நடைச் சடங்கு. அதுவரை அவன் கால் வெளித் தரையில் பட்டதில்லை. தோளிலும் இடுப்பிலுமாகவே திரிந்தான், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். அன்று அவன் சின்ன மரத்துப்பாக்கியோடு கூடாரத்தை விட்டு நடந்து வெளியே போவான், வாத்தைச் சுடுவதுபோல் சுடுவான், அதை இழுத்து வந்து தாத்தாவிடம் கொடுப்பான். தாத்தா அவனுக்கு முதல் கவளம் ஊட்டுவார். ஊரிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். வியாழக்கிழமை வரை முகாமில் மொத்தம் ஐந்து வாத்து. அதில் நான்கு மற்றவர்கள் சுட்டது.

ஹேரியட்டின் தம்பி ரெட்ஃபெர்ன் ஒரு புதுத் தோட்டாவோடு வந்திருந்தான். பிஸ்மத் என்கிற உலோகத்தில் செய்த ரவை, தெற்கே நகரத்தில் வாங்கியது. முகாமுக்கு வரும் முன்பே சரளைக் குழியில் நாற்பது கஜத்தில் அட்டைப் பெட்டியை நிறுத்தி, குழல் வாயை ஒடுக்கும் திருகை மாற்றி மாற்றிப் போட்டு, வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணிக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தவன் அவன். வாத்து சுட வந்தவனா, பள்ளிக்கூடப் பரீட்சைக்கு வந்தவனா என்று நான் கிண்டல் செய்தேன். புதன்கிழமை என் மறைப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டு தோட்டாக்களை நீட்டினான்.

“மச்சான், இது கிட்டத்தட்ட ஈயம் மாதிரியே கனம். விஷம் கிடையாது. உன் பழைய துப்பாக்கிக் குழலும் கெடாது. அஞ்சு வச்சுக்க.”

“நீ மூக்கு ஒழுக அம்மா முந்தானையப் பிடிச்சிட்டுத் திரிஞ்ச காலத்துலயே நான் ஒரே நாள்ல இருபது சுட்டவன்டா.”

“அதான் சொல்றேன். அப்ப நீ நல்லா சுட்ட.”

எனக்குக் கோபம் வந்தது, சிரித்துவிட்டேன். தோட்டாவைத் தொடவில்லை. அவனே ஐந்தையும் என் கோட்டுப் பையில் போட்டுவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை வடக்குக் காற்று. மதியத்துக்கு முன்னால், என் மறைப்பில் ரெட்ஃபெர்னும் கூட இருக்கும்போது, ஒரு ஜோடி எங்கள் மேலே வந்தது. நான் வாயால் கூப்பிட்டேன், என் குரலை நம்பி ஒரு சுற்று இறங்கின. இரும்பு ரவையால் சுட்டேன். முன்னால் போனதற்கு வலது இறக்கை முறிந்தது. சரிந்து சரிந்து போய், உடைந்த பனிக்கு அப்பால் சேற்றில் விழுந்தது. அங்கே நடக்கவும் முடியாது, படகு விடவும் முடியாது. மூன்று மணி நேரம் அது கத்திக்கொண்டிருந்தது. ஜோடி அதன் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. காயப்படுத்தி விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிற தலைவன் நான், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை, போனால் மற்ற வாத்துகள் மிரளும்.

ரெட்ஃபெர்ன் அன்று கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

“மச்சான், ஒண்ணு சொல்லட்டா. சுடுறதுக்கு முன்னாடி குழலை நிறுத்திடுற. தூரம் சரியான்னு பாக்குற. முன்னெல்லாம் நீ நிறுத்த மாட்ட. இழுத்துட்டே இருப்ப, இழுப்புலயே வெடிக்கும்.”

அவன் சொன்னது சரி. தவறிவிடுமோ என்ற பயம் வந்ததிலிருந்து நான் அளந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன். நின்ற குழலிலிருந்து கிளம்பும் ரவை, பறக்கிற வாத்தை எங்கே பிடிக்கும்? சரியென்று அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உன் வேலையைப் பார் என்றேன்.

வெள்ளிக்கிழமை நான்தான் இடம் பிரித்தேன். ரெட்ஃபெர்னையும் மற்ற இருவரையும் ஆற்று முகத்துக்கு அனுப்பினேன். முனைப் பாறை மறைப்பை எனக்கு வைத்துக்கொண்டேன், தனியாக. கருவிப் பெட்டியைத் திறந்தேன்.

கோட்டுப் பையில் பிஸ்மத் ஐந்தும் இருந்தன. அவற்றைப் போட்டிருந்தால் என் கையின் பழைய கணக்கே ஏறத்தாழ சரியாக வந்திருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவன் தோட்டாவில் விழுந்தால் அது அவன் வாத்து. கர்வம், வேறொன்றுமில்லை. ஈயத்தைப் போட்டேன்.

சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வாத்து வரிசையாக வந்தன, ஐம்பத்தைந்து கஜம் இருக்கும். வாலில் தொடங்கினேன், உடம்பு வழியே, அலகைத் தாண்டி, இரண்டு வாத்து நீளம் வானத்துக்குள் குழலை இழுத்துக்கொண்டே போய், இழுப்பை நிறுத்தாமல் விசையை அழுத்தினேன். கழுத்து மடங்கி நேராக விழுந்தது. துடிக்கவில்லை. அடுத்ததும் அப்படியே. மதியத்துக்குள் ஏழு தோட்டாவில் ஐந்து வாத்து. நான் தனியாக உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன்.

பிறகுதான் சைலஸ் ஞாபகம் வந்தது. காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பனிப்பிளவில் போட்டேன். கணக்கு இடிக்கக்கூடாதே என்று ரெட்ஃபெர்ன் கொடுத்த ஐந்து நல்ல தோட்டாக்களையும் அதே பிளவில் போட்டேன். சைலஸின் தட்டுக்கு மட்டும் மற்றவர்கள் சுட்ட வாத்து போகும்படி பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சமையல் என் கையில் இல்லை, எதைச் சொல்லி எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யோசிக்கவில்லை.

முகாமில் ஐந்தையும் இறக்கியபோது ரெட்ஃபெர்ன் ஓடி வந்தான். என் தோட்டாவா என்று கேட்டான். தலையாட்டினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஐந்தையும் அவனே சுட்டதுபோல் பூரித்துப் போனான். அவன் பெயர் வரக்கூடாதென்று ஈயத்தை எடுத்தவன், கடைசியில் எல்லாப் புகழையும் அவனுக்கே கொடுத்துவிட்டு நின்றேன்.

சாயங்காலம் கூடாரத்தில் ஹேரியட் என் வாத்துகளில் ஒன்றை அறுத்தாள். நர்ஸ் சொன்ன நாளிலிருந்து அவள் கழுத்தில் ஒரு சின்னக் காந்தம் தொங்குகிறது. கறியில் ரவை கிடைத்தால் காந்தத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் இரும்பு. அன்று நெஞ்சுக் கறியிலிருந்து ஒரு ரவையை நகத்தால் எடுத்தாள். காந்தத்தில் வைத்தாள். ஒட்டவில்லை.

என்னைப் பார்த்தாள்.

“பிஸ்மத்,” என்றேன். “உன் தம்பி கொடுத்தது.”

ரெட்ஃபெர்ன் தேநீரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “ஆமாக்கா, அது காந்தத்துல ஒட்டாது,” என்றான். “ஆனா பயப்படாத. கடிச்சா கண்ணாடி மாதிரி நொறுங்கிடும், பல்லு தப்பிச்சுக்கும். ஈயந்தான் நொறுங்காது, நசுங்கும்.”

ஹேரியட் ரவையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், விடியலில் எழ வேண்டும், எல்லோரும் போய்ப் படுங்கள் என்றாள். நான் என் கூடாரத்துக்குப் போகிற வழியில் பின்னால் கோடரியின் முதுகு கல்லில் விழும் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது. விறகு பிளக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். விறகை ஒரே அடியில் யார் பிளக்கிறார்கள்?

சனிக்கிழமை வெயில் கிளம்பும்போது கூடார வாசல் திறந்தது. தளிர் விரித்த பாதையில் ரோடா அவனை இறக்கிவிட்டாள். சைலஸ் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு நடந்தான். பாதை முடிவில் நான் கொண்டுவந்ததில் ஒரு வாத்து இறகோடு கிடந்தது. நான் அவன் பின்னால் மண்டியிட்டு மரத்துப்பாக்கியை அவன் தோளில் வைத்துப் பிடித்தேன். எல்லோரும் டுமீல் என்றார்கள். அவன் வாத்தைக் கழுத்தில் பிடித்து இழுத்தான். அவனுக்கு அது தாங்காத கனம், இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டான். கூடாரத்தைச் சுற்றி இழுத்து வந்து என் காலடியில் போட்டான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன், சொல்ல வேண்டிய முறைப்படி.

உள்ளே நெருப்பைச் சுற்றி வாத்துகள் கயிற்றில் தொங்கிச் சுழன்று வெந்துகொண்டிருந்தன. இறகு பிடுங்கிய பிறகு எது யார் சுட்டது என்று யாருக்குத் தெரியும்? ஹேரியட் ஒரு கிண்ணத்தில் கறியைப் பிசைந்து சாறு ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

“உன் வாத்து. நீயே ஊட்டு,” என்றாள்.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியில் எடுத்து ஊதினேன். அவன் உதட்டுக்குக் கொண்டுபோனேன். அவனுக்குத் தூக்கக் கலக்கம், கூட்டத்தைக் கண்டு மிரட்சி வேறு. வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆ காட்டு, ஆ காட்டு என்று ஆளுக்கொரு பக்கம் கொஞ்சினார்கள். நானும் சொன்னேன். மறுபடி கரண்டியை வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான், சாறு தாடையில் வழிந்தது. அந்த வழிசலைப் பார்த்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“இது ஈயத்துல சுட்டது,” என்றேன். “பிஸ்மத் இல்ல. ஒரு பெட்டி ஒளிச்சு வச்சிருந்தேன். யாரும் சாப்பிடாதீங்க.”

கயிறு சுழல்கிற சத்தம்கூடக் கேட்டது. ரோடா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் கைவிரலால் அவன் தாடையைத் துடைத்தாள், உதட்டைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரெட்ஃபெர்னின் முகம் தொங்கிப்போனது.

ஹேரியட்தான் பேசினாள். இங்கே வேகிறதெல்லாம் மற்றவர்கள் சுட்டதும் கிழவர் முன்பே சுட்ட ஒன்றும்தான், எதிலும் ஈயம் இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றாள். கிண்ணத்தில் இருந்ததும் அதுதான். என் ஐந்தில் ஒன்றை சைலஸ் இழுத்து வந்துவிட்டான், நான்கு வெளியே சாக்கில் இருக்கின்றன என்றாள். ஆளுக்கு ஒரு துண்டும் நிறைய மாவுருண்டையும் சாறுமாகப் பந்தி நடந்தது.

நான் தலைமையை விட்டுவிடுகிறேன் என்றேன். விடமாட்டோம் என்றார்கள். இத்தனை பேர் முன்னால் தன் தப்பைத் தானே சொல்கிறவன்தான் தலைவனாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ரெட்ஃபெர்ன் வந்து என் தோளைப் பிடித்து, பெரிய மனசு மச்சான் என்றான். மீதிப் பதினெட்டுத் தோட்டாக்களை அவன் கையில் கொடுத்தேன். சாப்பாடும் இறங்கியது. அதையும் மறைக்க வேண்டாம்.

மதியம் ஐந்து வாத்துகளையும் சுமந்துகொண்டு முனைப் பாறைக்குப் போனேன். நாய்க்குப் போட முடியாது, மண்ணில் எறியவும் முடியாது. வாத்து தன்னைக் கொடுத்தது, அதை வீணாக்கியவனுக்கு அடுத்த வருடம் வராது என்பார்கள், நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஹேரியட் கூட வந்தாள். நெருப்பு மூட்டி ஒவ்வொன்றாக வைத்தோம். இறகு கருகுகிற நாற்றம் கோட்டில் ஏறியது.

அவள் ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மீன் செதில் மாதிரித் தட்டையாக, சாம்பல் நிறத்தில், ஓரம் வழவழவென்று இருந்தது.

“நேத்தே தெரியும்,” என்றாள்.

“அப்ப நேத்தே ஏன் கேக்கல?”

“நீயே சொல்றியான்னு பாத்தேன்.”

“சொன்னேனே.”

அவள் குச்சியால் நெருப்பைக் கிளறினாள்.

“எல்லாரும் உன் மூஞ்சியப் பாத்தாங்க, கிழவா. நான் கரண்டியத்தான் பாத்துட்டிருந்தேன். ரெண்டு தடவ அவன் உதட்டுல பட்டுச்சு. நீ நிறுத்தல. அவன்தான் வாயத் திறக்கல.”

நான் கடைசி வாத்தையும் நெருப்பில் வைத்தேன்.

“திறந்திருந்தா?” என்றாள்.

அவள் ஒரு தடவைதான் கேட்டாள். இத்தனை வருடத்தில் மறுபடி கேட்டதில்லை. ஐந்தாவது வாத்து எரிந்து முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றோம், பிறகு அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக முகாமுக்குத் திரும்பினோம்.